அந்தப் பக்கத்து அடுப்பு

நுவரெலியாவுக்குக் குளிர் பார்க்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். குளிரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு, வாயால் புகைவிட்டு விளையாடி, இரண்டு நாளில் இறங்கிப் போய்விடுகிறவர்களுக்கு அது வேடிக்கை. நான் டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். குளிர் என்றதும் எனக்குத் தகரக் கூரைதான் ஞாபகம் வரும். இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு அந்தத் தகரத்தில் நீராகப் படிந்து, விடியும் நேரத்தில் முகத்தில் சொட்டும். மழை வேறு, இது வேறு. மழை வெளியே பெய்யும். இது வீட்டுக்குள்ளேயே பெய்யும்.

தை மாதம்தான் மோசம். மழை நின்று வானம் சுத்தமாகிவிடும். பகலில் நல்ல வெயில் அடிக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. அப்படி வெயில் அடித்த நாளின் மறு விடியலில் பள்ளத்துப் புல்லெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், பனிபட்ட கொழுந்து கறுத்துப் போயிருக்கும். தேயிலைச் செடிக்கே அந்தக் கதி என்றால் ஒரு கம்பளிக்குள் மூன்று பேர் படுத்த எங்கள் கதியைச் சொல்லவா வேண்டும்? அந்தக் கம்பளியும் பகலில் கொழுந்து பறிக்க அம்மாவின் தலையில் மலைக்குப் போய்விட்டு வந்ததுதான். ஈரம் காயாமலே இரவில் எங்கள்மேல் விழும்.

மலைச்சரிவில் எதிரே பெரிய துரையின் பங்களா தெரியும். அதன் கூரையில் புகைக்கூண்டு ஒன்று உண்டு. வீட்டுக்குள் நெருப்பு, வீட்டுக்கு வெளியே புகை! அந்த வெள்ளைக்காரன் மூளையை அப்பா வாய்விட்டுப் புகழுவார். எங்கள் காம்பராவில் அது தலைகீழ். ஒரே ஓர் அறை. அதில் அடுப்பை மூட்டினால் புகை உள்ளேயும் சூடு வெளியேயும் போகும். அம்மாவுக்கு இழுப்பு நோய் இருந்ததால் அப்பா அடுப்பைத் தூக்கி, முன்னால் திண்ணைபோல இருந்த இஸ்தோப்பின் மூலையில் போட்டுவிட்டார். அதனால் எங்கள் அறைக்குள் நெருப்பே கிடையாது.

ஆனால் ஒரு சுவர் இருந்தது. எங்களுடையது இரட்டை லயம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வரிசைக் காம்பராக்கள், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் பின்சுவர்தான் பின்வரிசைக்காரர்களுக்கும் பின்சுவர். எங்களுக்கு நேர் பின்னால் இருந்தவர்கள் அடுப்பை அறைக்குள்ளேயே, அந்தச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய பழைய சுவர் அது. சாயங்காலம் அவர்கள் அடுப்பு மூட்டினால் கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் ஒரு கஜ அகலத்துக்கு இளஞ்சூடு ஏறும். சூடு ஏற நேரமாகும், இறங்கவும் நேரமாகும். எங்கள் பாயை அந்த இடத்தில்தான் விரிப்போம். யார் சுவரோரம் படுப்பது என்று எனக்கும் தங்கைக்கும் தினமும் அடிதடி நடக்கும்.

சுவர் கூரைவரை எட்டவில்லை. மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் புகை வராமல் அப்பா அதில் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார். சத்தத்தை எந்தச் சாக்கு தடுக்கும்? அவர்கள் பானை மூடியைத் திறப்பது, சண்டை போடுவது, தூக்கத்தில் பிதற்றுவது எல்லாம் எங்களுக்குக் கேட்கும். எங்களுடையது அவர்களுக்கு. அதனால் லயத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்: சுவரில் கேட்டதை வெளியில் பேசக்கூடாது. அது இல்லாவிட்டால் ஒரு கூரைக்குக் கீழே இத்தனை குடும்பம் ஒரு வாரம் சேர்ந்து இருக்க முடியாது.

அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது என் அம்மாதான். அம்மாவுக்கு நாக்குத் துறுதுறுப்பு. அதில் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது என்பார்கள்.

பின்காம்பராவில் இருந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். ஒரே மகளை நோர்வூட் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், அதிகம் பேசமாட்டார். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன். அம்மாவுக்கு அந்த அத்தை மதினி முறை. மதினி என்றால் கேலி பேச உரிமை உண்டுதானே? ஒருநாள் பீலியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலையிலிருந்து மூங்கில் குழாயில் இறங்கி வருகிற தண்ணீர் அது, கால் பட்டால் விறைத்துவிடும். "யப்பா, வெரலே மரத்துப்போச்சு" என்று அத்தை சொன்னார். அம்மா சும்மா இருந்திருக்கலாம்.

"ஒங்களுக்கென்ன மதினி? ராத்திரியானா காலத் தேய்ச்சுச் சூடேத்திவுட எங்க அண்ணன் இருக்காங்க. எங்களுக்கு யாரு இருக்கா?"

நின்றவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டியின் காலைப் பிடித்துவிடுகிறான் என்பது அந்தக் காலத்தில் வெளியே தெரியக்கூடிய விஷயமா? மறுநாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் கொடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, மாமா வந்ததும் ஆம்பிளைகள் ஆளுக்கு ஆள் காலை நீட்டினார்களாம். "நம்ம காலையும் கொஞ்சம் கவனிங்கண்ணே" என்று ஒருவன் கேட்டானாம். அவர் தலையைக் குனிந்தபடி கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார் என்று அப்பா வந்து சொன்னார். சொல்லும்போது அப்பாவின் முகம் நன்றாக இல்லை.

அன்று மாலை அத்தை லயத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். சத்தமே போடவில்லை.

"சொவத்துல காத வச்சுப் பொழைக்கிறவகூட எனக்கு என்ன பேச்சு? இன்னையோட சரி."

அதோடு சரிதான். அம்மா மன்னிப்புக் கேட்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. "விளையாட்டுக்குச் சொன்னதுக்கு இம்புட்டுக் கோவமா?" என்று அவளுக்கும் வீம்பு. சுவருக்கு இரண்டு பக்கமும் குரல்கள் தணிந்துவிட்டன. அவர்கள் ரகசியம் பேசுவதுபோல் பேசினார்கள், நாங்களும் அப்படியே பேசினோம். அடுப்பு மட்டும் வழக்கம்போல எரிந்தது, நாங்களும் வழக்கம்போல அந்தச் சுவரோரம் படுத்தோம். வெட்கம் ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம். குளிர்தான் ஜெயிக்கும்.

அந்த மார்கழி முடிவில் தம்பி பிறந்தான். மாதம் நிறையாமலே பிறந்துவிட்டான். தோட்டத்து மருத்துவச்சி அவனை ஒரு கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றார். அழுதான், ஆனால் அடுத்த காம்பராவுக்குக்கூடக் கேட்காது. எனக்கு முன்னால் பிறந்த ஓர் அண்ணன் இதேபோல ஒரு பனிக்காலத்தில் போய்விட்டவன். அதனால் வீட்டில் யாரும் சந்தோஷம் என்று வாய் திறக்கவில்லை.

"இதுக்கு மருந்து சூடுதான்" என்றார் மருத்துவச்சி. "பனி கழியிற வரைக்கும் ஒடம்பு சில்லுன்னு ஆகாமப் பாத்துக்கிட்டா பொழைச்சுக்குவான். ஆனா பொகை ஆகாது. நெஞ்சு இன்னும் பழுக்கல."

கணப்புச் சட்டியில் கரி நெருப்பு அள்ளிவந்து வைத்துப் பார்த்தோம். கதவைச் சாத்தினால் பிள்ளை மூச்சுக்குத் திணறினான், திறந்தால் பனி உள்ளே வந்தது. தோட்டத்து டாக்டர் ஐயா வந்து பார்த்துவிட்டு, மூடின அறையில் கரி நெருப்பு வைத்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்து போய்விடுவார்கள் என்று திட்டிவிட்டுப் போனார். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். அது ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மருத்துவச்சிதான் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இந்தா, இங்க போடுங்க. பொகையில்லாத சூடு இந்தத் தோட்டத்துல தொரை பங்களாவுக்கு அடுத்தபடியா இங்கதான் இருக்கு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவ அடுப்புல குளிர்காஞ்சா எம் புள்ளைய வளக்கணும்?"

"யாரு யாருகூடப் பேசலைன்னு அடுப்புக்குத் தெரியுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு அப்பா பாயை இழுத்துச் சுவரோரம் போட்டார்.

தம்பி அந்தச் சுவரோரம்தான் வளர ஆரம்பித்தான். வளர்ந்தான் என்று சொல்வதுகூட அதிகம், சாகாமல் இருந்தான். பழைய சேலையில் சுற்றி, சுவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் கிடப்பான். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். முன்பெல்லாம் சமையல் முடிந்ததும் அந்தப் பக்கத்து நெருப்பு அணைந்துவிடும். இப்போது நாங்கள் தூங்கப் போகும்போதும் மிலாறு எரிகிற சத்தம் கேட்டது. மிலாறு என்பது கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி. எங்களுக்கெல்லாம் அதுதான் விறகு. மாமா அதில் நல்ல தடிமனானதாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வருவார். நான் அம்மாவிடம் கேட்டேன். "அவங்களுக்குச் சளி, அதுக்காகப் போடுறாங்க. ஒனக்கு என்ன?" என்றாள். மாமா இருமிக்கொண்டிருந்தது உண்மைதான்.

அந்த இருமல் நாளுக்கு நாள் அடியிலிருந்து வந்தது. ஒருநாள் அவரைக் கம்பளியில் கிடத்தித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கேயே ஒரு காலையில் உயிர் போய்விட்டது. சாவுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அம்மாவுக்குப் பிள்ளை பெற்ற தீட்டு இன்னும் கழியவில்லை. சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. பச்சை உடம்புக்காரி அழுதால் பால் வற்றிவிடும் என்று அழவும் கூடாது என்றார்கள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா போய்ப் பாடை தூக்கினார்.

அப்பா திரும்பி வருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பியின் துணியை மாற்றக் குனிந்தபோது சுவரில் கை பட்டது. ஐஸ்போல இருந்தது.

எங்கள் லயத்து வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். சோறும் தேத்தண்ணியும் மற்றக் காம்பராக்களில் இருந்து முறை வைத்துப் போகும். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லமாட்டேன். துக்கத்தில் இருக்கிறவர்களை யார் சமைக்கச் சொல்வது? ஆனால் அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் இரட்டை லயத்தில் இருந்திருக்கமாட்டார்கள்.

அப்பா அடக்கம் முடித்து, பீலியில் தலை முழுகிவிட்டு வந்தார். பல் கிட்டி, ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றார். அந்தக் குளிர்ந்த கையால் பிள்ளையைத் தொடவும் முடியவில்லை. வெளியே அன்று வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. பொழுது சாயும்போதே குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது. அம்மா தம்பியை நெஞ்சோடு அணைத்துக் கம்பளியால் மூடிக்கொண்டாள். ஆனாலும் அவன் பால் குடிக்கவில்லை. மார்பை வாயில் வைத்தால் சும்மா கிடந்தான். உதடு நீலமாக இருந்தது. உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன், ஈர மண்ணைத் தொட்டதுபோல இருந்தது. நான் போத்தலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொண்டுவந்தேன். ஒன்று வெடித்துப் போனது. எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா எழுந்தார். "நான் போயி கேட்டுட்டு வாறேன்."

"என்னன்னு கேப்பீங்க?" என்றாள் அம்மா. "புருசன மண்ணுல வச்சு இன்னும் ஈரம் காயல. வழக்கத்தவுட்டு அடுப்ப மூட்டு, எம் புள்ளைக்குச் சூடு வேணும்னு கேப்பீங்களா? நான் பேசின பேச்சுக்கு எந்த வாயால கேக்கிறது?"

"புள்ள போயிருமே."

அம்மா கம்பளியை இன்னும் இழுத்து மூடினாள். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். தம்பி ஒருதரம் முனகினான், அழுகை என்று அதைச் சொல்லமுடியாது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மடக் மடக் என்று குச்சி ஒடிக்கிற சத்தம் கேட்டது. தூங்கிவிட்ட தங்கையைத் தவிர நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துக்கத்துக்கு வந்திருந்த அத்தையின் நாத்தனார் குரல் எழுப்பினார்.

"என்னா பண்றீங்க நீங்க? சாவு வூட்டுல யாராச்சும் அடுப்பு மூட்டுவாங்களா?"

அத்தையின் குரல் அழுது அழுது கட்டிப்போயிருந்தது. "நான் ஒலை வைக்கலையே. பானை ஏத்தாத நெருப்பு அடுப்பாகாது."

"அப்ப எதுக்கு?"

"அந்தப் பக்கம் புள்ள கெடக்கு."

"யாரு வூட்டுப் புள்ள? ஒங்கள நாற அடிச்சாளே, அவ புள்ளையா? எந் தம்பி போன அன்னைக்கு இது தேவையா?"

மிலாறு பற்றிக்கொண்டு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது. மாமா வெட்டிக் கட்டி வைத்திருந்த மிலாறு.

சுவர் சூடாக நேரம் எடுக்கும் என்று சொன்னேனே, அன்று எடுத்த நேரத்தை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். அம்மா தன் முதுகைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு, பிள்ளையை மடியில் போட்டுக் காத்திருந்தாள். முதலில் முதுகுக்குத்தான் தெரிந்தது. "ஏறுது" என்றாள். பிறகு தம்பியைத் திருப்பிச் சுவரோரம் கிடத்தினோம். பொறுத்துப் பொறுத்து ஒரு நேரத்தில் அவன் வாயைச் சப்புக்கொட்டினான். அம்மா பாலைக் கொடுத்தாள். இழுத்துக் குடிக்கிற சத்தம் கேட்டதும் அப்பா இஸ்தோப்புக்குப் போய்விட்டார். அங்கே நின்று அழுதார் என்று நினைக்கிறேன்.

மறுநாளும் நெருப்பு எரிந்தது. அதற்கு மறுநாளும் எரிந்தது. சோற்று வாசம் இல்லை, குழம்பு வாசம் இல்லை. வெறும் நெருப்பு. சாப்பாடு மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுத்ததுதான்.

ஆனால் லயத்துக்குப் புகை மட்டும்தானே தெரியும்? நாத்தனார் ஊருக்குப் போகுமுன் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளை கதையை விட்டுவிட்டு அடுப்புக் கதையை மட்டும் சொன்னார். "புருசனப் பொதைச்ச அன்னைக்கே அடுப்பு மூட்டினவ" என்று பீலியில் பேசினார்கள். ஆக்கித் தின்றாள் என்றும், ஒரு நாள் பசி தாங்கவில்லை என்றும், கண்ணீர்கூட வரவில்லை என்றும் கதை வளர்ந்தது. சாப்பாட்டு முறைகூட இரண்டு வீட்டில் நின்றுபோனது. அத்தை யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோபம் வந்து அப்பா பெரட்டில் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார். அம்மா தடுத்தாள்.

"சொவத்துல கேட்டத ஒருதரம் நான் சொல்லித்தான் இம்புட்டும். அவங்ககிட்டக் கேக்காம இனி ஒரு வார்த்த வெளிய போகக்கூடாது."

மாசியில் பனி குறைந்தது. தம்பியின் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. நோர்வூட்டிலிருந்து மகள் மறுபடி வந்து அத்தையைத் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். "பனி கழியட்டும், வாறேன்" என்று அத்தை சொன்னது எங்களுக்குக் கேட்டது. "இங்க என்னம்மா இருக்கு ஒங்களுக்கு?" என்று மகள் கேட்டாள்.

தீட்டுக் கழித்துத் தலை முழுகிய அன்றே அம்மா புறப்பட்டாள். சுவரின் கனம் ஒரு முழம்தான். ஆனால் அந்தப் பக்கம் போக லயத்தின் கடைசிக் காம்பராவரை நடந்து, கழிவுநீர்க் கானைத் தாண்டி, மறுபடி அவ்வளவு தூரம் நடக்கவேண்டும். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பச்சைப் பிள்ளை, துக்க வீடு. வாசலிலேயே நில் என்று அம்மா என்னை நிறுத்திவிட்டாள்.

உள்ளே அத்தை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"மதினி" என்றாள் கடைசியில். "லயமே ஒங்களப் பேசுது. எதுக்காக மூட்டுனீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன். நீங்க ஒரு வார்த்த சரின்னு சொல்லுங்க."

"வேணாம்."

"ஏம் மதினி? எம் புள்ளைக்காகத்தான இந்தப் பேரு வாங்கினீங்க?"

அத்தை நெருப்பில் ஒரு மிலாறை எடுத்து வைத்தார். அம்மாவைப் பார்க்காமலே பேசினார்.

"புள்ளைக்காகன்னு சொன்னேன். நெசந்தான். ஆனா அதுக்காக மட்டும்னு நெனைக்காத. அன்னைக்கு அவங்கள வச்சுட்டு வந்து இந்த வூட்டுல ஒக்காந்தப்ப எனக்கும் குளிருச்சு."

அம்மா அப்படியே கீழே உட்கார்ந்தாள். துக்கம் விசாரிக்கப் போகிற பெண்கள் செய்வதுபோல அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எங்கண்ணே" என்று அவள் வைத்த குரல் லயம் முழுக்கக் கேட்டது. அத்தனை நாளும் அவருக்காக அழ முடியாமல் இருந்தவள். அத்தையும் சேர்ந்துகொண்டார். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி விழித்து, அவர்களுக்கு மேலே வீறிட்டுக் கத்தினான். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.